230-ம் 230-ம் 400

வீட்டுக்கு மூன்று பேஸ் இணைப்பு கொடுத்த அன்று, எலெக்ட்ரீசியன் போர்டின் மூடியைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தார். மல்டிமீட்டரின் கறுப்பு முனையை நியூட்ரலில் அழுத்திக்கொண்டு, சிவப்பு முனையால் ஒவ்வொரு பேஸாகத் தொட்டார். சிவப்புக் கம்பியில் 230. மஞ்சளில் 230. நீலத்திலும் 230. பிறகு ஒரு முனையைச் சிவப்பிலும் மற்றொன்றை மஞ்சளிலும் வைத்தார். மீட்டரில் 399.

“ஏன் தம்பி, இருநூத்தி முப்பதும் இருநூத்தி முப்பதும் நானூத்தி அறுபதுதானே வரணும்?”

“அது அப்படித்தான் சார் வரும். எந்த ரெண்டு பேஸ்ல வச்சாலும் நானூறுதான்.”

அவர் சொன்னது சரி. தமிழ்நாட்டில் எந்தத் தெருவில் எந்த மூன்று பேஸ் போர்டைத் திறந்து பார்த்தாலும் அப்படித்தான் வரும். ஆனால் அந்த எண்ணை எப்படிப் பெறுவது? இரண்டு கம்பிகளிலும் மின்னழுத்தம் ஒன்றுபோலவே ஏறி இறங்குமானால் இடையில் வித்தியாசமே இருக்காது. மீட்டர் பூஜ்யம் காட்ட வேண்டும். ஒன்று ஏறும்போது மற்றது சரிக்குச் சரியாக இறங்கினால் 460 காட்ட வேண்டும். 400 இரண்டிலும் சேரவில்லை. கூட்டியும் வரவில்லை, கழித்தும் வரவில்லை.

மீட்டரில் கோளாறு இல்லை. அது நமக்கு ஒரு செய்தியைச் சொல்கிறது, இன்னொன்றைச் சொல்லாமல் விடுகிறது. சொல்வது அளவை. சொல்லாமல் விடுவது திசையை. இப்படிக் கணக்கு ஒத்துவராத இடங்களில்தான் அந்தத் திசை நமக்குப் பிடிபடும். பதினோராம் வகுப்பில் கரும்பலகையில் அம்புகளாக வரைந்து படித்துவிட்டு மறந்துபோன வெக்டர், நம் வீட்டு மின்பெட்டிக்குள் வேலை செய்துகொண்டிருக்கிறது.

இரண்டு கிலோ அரிசியும் மூன்று கிலோ அரிசியும் எப்படிக் கொட்டினாலும் ஐந்து கிலோதான். நிறை, விலை, வெப்பநிலை போன்றவற்றுக்குத் திசை கிடையாது. இழுவிசை அப்படி அல்ல. தேர் நிலையிலிருந்து புறப்பட்டுத் தெருமுனையில் திரும்பும்போது பாருங்கள். இரண்டு வடங்களையும் ஒரே பக்கம் இழுத்தால் முழு பலமும் சேரும். எதிரெதிரே இழுத்தால் தேர் அசையாது. ஒன்றைக் கிழக்கேயும் மற்றதை வடக்கேயும் இழுத்தால், இரண்டுக்கும் நடுவே வடகிழக்கில் ஓர் இழுப்பு உண்டாகும்; அதன் பலம் இரண்டின் கூட்டுத்தொகையைவிடக் குறைவு, தனி ஒன்றைவிட அதிகம். கிழக்கே 3 பங்கு, வடக்கே 4 பங்கு என்றால் கிடைப்பது 7 அல்ல, 5.

இப்படித் திசையோடு சேர்த்தே சொல்ல வேண்டிய அளவைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் திசையன் என்றும் வெக்டர் என்றும் சொல்லிவந்திருக்கின்றன. இலங்கைத் தமிழ் மாணவர்கள் படிப்பது ‘காவி’ என்ற சொல்லை. எனக்கு அந்தச் சொல் மிகவும் பிடிக்கும். வெக்டர் என்ற லத்தீன் சொல்லுக்குச் ‘சுமந்து செல்பவர்’ என்று பொருள். தோளில் சுமப்பதற்குத் தமிழில் காவுதல் என்று பெயர். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுசெல்வது காவி. மூலச் சொல்லின் பொருளைச் சிந்தாமல் சிதறாமல் இவ்வளவு சின்னச் சொல்லில் பிடித்தவர்களைப் பாராட்ட வேண்டும்.

அம்புகள் இப்படிக் கூடுவதைக் கண்ணால் பார்க்க ஒரு பழைய கருவி இருக்கிறது. பிளஸ் டூ இயற்பியல் ஆய்வகத்தில் பலரும் கையாண்டிருப்பீர்கள்: டேஞ்சன்ட் கால்வனாமீட்டர். நிமிர்ந்து நிற்கும் வட்டச் சட்டம், அதில் சுற்றிய கம்பி, நடுவே ஒரு திசைகாட்டிப் பெட்டி. அவ்வளவுதான்.

அதன் கதை 1820-இல் கோபன்ஹேகனில் தொடங்குகிறது. மின்னோட்டம் செல்லும் கம்பியின் அருகே இருந்த திசைகாட்டி முள் திரும்புவதை ஹான்ஸ் கிறிஸ்டியன் அர்ஸ்டெட் கவனித்தார். முள் திரும்பியதைவிட, அது திரும்பிய விதம்தான் அன்றைய அறிஞர்களைத் திகைக்க வைத்தது. அதுவரை அவர்கள் அறிந்த விசைகள் ஒன்று தம்மை நோக்கி இழுக்கும், இல்லையென்றால் தள்ளிவிடும். இந்தக் கம்பியோ முள்ளை இழுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. தனக்குக் குறுக்கே நிற்க வைக்கப் பார்த்தது. மின்னோட்டத்தைத் திருப்பிவிட்டால் முள்ளும் எதிர்ப்பக்கம் திரும்பியது. கம்பியைச் சுற்றி வளையம் வளையமாகக் காந்தப் புலம் சூழ்ந்திருக்கிறது என்ற புரிதல் இங்கிருந்துதான் வந்தது. ஒன்றுக்கொன்று குறுக்காக நிற்கும் இந்த உறவைத்தான் பிற்காலத்தில் குறுக்குப் பெருக்கல் என்று கணிதம் எழுதிக்கொண்டது. முள் வைத்த பழைய மல்டிமீட்டர்களுக்குள் இருக்கும் சின்னக் கம்பிச்சுருள், காந்தத்துக்கு நடுவே திரும்புவதும் இதே குறுக்கு விசையால்தான்.

1837-இல் பிரான்சின் கிளோட் பூயே இந்தக் குறுக்குத்தனத்தை ஓர் அளவுகோலாக மாற்றினார். முதலில் சட்டத்தைத் திருப்பி, அதன் தளம் முள் காட்டும் வடக்கு–தெற்குக் கோட்டில் அமையும்படி நிறுத்த வேண்டும். இப்போது கம்பியில் மின்னோட்டத்தை விட்டால், அது உண்டாக்கும் காந்தப் புலம் சரியாகக் கிழக்கு–மேற்கில் அமையும். பூமி முள்ளை வடக்கே இழுக்கிறது. கம்பிச்சுருள் கிழக்கே இழுக்கிறது. முள் யார் சொல்வதைக் கேட்கும்? இருவர் சொல்வதையும் கேட்கும். தேரைப் போல, நடுவே ஒரு திசையில் நிற்கும்.

முள் 45 பாகையில் நின்றால் இரண்டு இழுப்புகளும் சமம். அப்போது மின்னோட்டத்தை இரட்டிப்பாக்குங்கள். முள் 90-க்குப் போகாது. 63 பாகை அளவில் நின்றுவிடும். பத்து மடங்காக்கினால் 84. எவ்வளவு கூட்டினாலும் 90-ஐ அது தொடாது, ஏனென்றால் வடக்கே இழுக்கும் பூமி ஒருபோதும் விலகிப் போவதில்லை. நம் ஊர்களில் பூமியின் கிடைமட்டக் காந்தப் புலம் சுமார் 40 மைக்ரோ டெஸ்லா. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டும் சிறு காந்தத்தின் பலத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. அந்த மெல்லிய இழுப்பு கடைசிவரை விட்டுக்கொடுக்காமல் நிற்பதைக் கண்ணெதிரே பார்க்கலாம்.

திசை சரி, அளவும் அம்புக் கணக்குப்படிதான் கூடுகிறது என்று எப்படித் தெரியும்? திசைகாட்டி முள்ளை லேசாகச் சீண்டிவிட்டால் அது ஊசலாடும். புலம் வலுக்க வலுக்க ஆட்டம் வேகமாகும். பூமியின் புலத்தில் மட்டும் 100 முறை ஆடுகிற நேரத்தில், முள் 45 பாகையில் நிற்கும்போது 119 முறை ஆடும். இரண்டு சம புலங்களும் அரிசிபோலக் கூடியிருந்தால் அது 141 ஆக இருந்திருக்கும். எண்ணிப் பார்த்தே தீர்த்துக்கொள்ளக்கூடிய வழக்கு இது.

இங்கே நம் நிலத்துக்குரிய ஒரு செய்தியையும் சொல்லத் தோன்றுகிறது. பூமியின் காந்தப் புலம் எல்லா ஊர்களிலும் தரைக்கு இணையாகப் படுத்திருப்பதில்லை. லண்டனில் அது அறுபது பாகைக்கும் மேல் சரிந்து பூமிக்குள் இறங்குகிறது. காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனைக்கு அருகே செல்வதால், தென் தமிழ்நாட்டில் அது கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கிறது. இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஓர் ஆய்வகம் வைத்திருப்பதற்குக் காரணம் இந்த அமைவிடம்தான்.

மறுபடி போர்டுக்கு வருவோம். காந்தப் புலத்துக்குக் கிழக்கு மேற்கு உண்டு. மின்னழுத்தத்துக்கு ஏது திசை? சிவப்புக் கம்பியின் 230 வோல்ட் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது?

திருவிழாவில் குடை ராட்டினம் பார்த்திருப்பீர்கள். நடுவே கம்பம், சுற்றிலும் மரக்குதிரைகள். அதில் மூன்று குதிரைகள் மட்டும் சம இடைவெளியில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள், ஒன்று நீலம். மாலை வெயில் ஒரு பக்கமிருந்து சாய்வாக அடிக்க, எதிர்ச் சுவரில் நிழல் விழுகிறது. குதிரைகள் வட்டமாகச் சுற்றுகின்றன. சுவரிலோ ஒவ்வொரு நிழலும் வலது கோடி வரை போய், திரும்பி, கம்பத்தின் நிழலைக் கடந்து இடது கோடி வரை வந்து, மறுபடி திரும்புகிறது.

நம் வீட்டு மின்சாரம் சுவரில் ஆடும் அந்த நிழல். கம்பத்தின் நிழல் நியூட்ரல். குதிரையின் நிழல் கம்பத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, அந்த நொடிப்பொழுதில் அந்தக் கம்பியின் மின்னழுத்தம் அவ்வளவு. வலப்பக்கம் போனால் நேர், இடப்பக்கம் போனால் எதிர். இந்த ராட்டினம் நொடிக்கு 50 முறை சுற்றுகிறது. 50 ஹெர்ட்ஸ் என்பது அதுதான்.

இப்போது மல்டிமீட்டரின் இரு முனைகளையும் சிவப்பிலும் மஞ்சளிலும் வைத்தால் என்ன அளக்கிறோம்? இரண்டு நிழல்களுக்கு இடையிலான தூரத்தை. நிழல்கள் ஓடிக்கொண்டே இருப்பதால் அந்தத் தூரமும் கூடிக் குறையும். ஆனால் அது அதிகபட்சமாக எட்டும் அளவு, ராட்டினத்தின் மேல் அந்த இரண்டு குதிரைகளுக்கும் இடையே உள்ள நேர்த் தூரம். கம்பத்திலிருந்து ஒவ்வொரு குதிரையும் 230 அடியில், வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி நின்றால், இரண்டுக்கும் இடையே நூல் பிடித்து அளந்தால் 398 அடி வரும். ஒரு தாளில் வரைந்து ஸ்கேல் வைத்துப் பாருங்கள். எலெக்ட்ரீசியன் சொன்ன நானூறு இதுதான். 460 வர வேண்டுமானால் இரண்டு குதிரைகள் நேரெதிரே நிற்க வேண்டும். மூன்று குதிரைகளைச் சமமாக நிறுத்தினால் எந்த இரண்டும் நேரெதிரே வராது.

ஒரு திருத்தம் சொல்லிவிடுகிறேன். மீட்டர் காட்டும் 230, நிழல் போய்த் தொடுகிற கடைக்கோடி அல்ல. கடைக்கோடி சுமார் 325 வோல்ட். ஒரு ஹீட்டரைச் சூடாக்குவதில் பேட்டரியின் எத்தனை வோல்ட்டுக்கு இது சமம் என்று பார்த்து, அந்த எண்ணைத்தான் மீட்டர் சொல்கிறது. இரண்டுக்கும் உள்ள விகிதம் மாறாததால் நம் ராட்டினக் கணக்கு அப்படியே நிற்கும்.

ஆக, மின்னழுத்தத்தின் அம்பு கிழக்கையோ மேற்கையோ காட்டுவதில்லை. சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறது, யாருக்கு முன்னே, யாருக்குப் பின்னே என்பதே அதன் திசை. நேரம் இங்கே கோணமாக மாறி நிற்கிறது. இந்த நிலையைக் கட்டம் என்பார்கள். இரண்டு அம்புகளுக்கு இடையிலான கோணம் கட்ட வேறுபாடு. பேஸ் என்று எலெக்ட்ரீசியன் கம்பிக்குச் சொல்வதும், கட்டம் என்று புத்தகம் இந்தக் கோணத்துக்குச் சொல்வதும் ஒரே ஆங்கிலச் சொல்லைத்தான். மூன்று கம்பிகளும் மூன்று வெவ்வேறு கட்டங்களில் இருப்பதால் அந்தப் பெயர். சுற்றிக்கொண்டிருக்கும் இந்த அம்பைப் பொறியாளர்கள் ஃபேசர் என்கிறார்கள். கட்டத் திசையன் என்று நாம் சொல்லலாம். தேர் வடத்துக்கும் திசைகாட்டிக்கும் உள்ள அதே கூட்டல் விதி இதற்கும் பொருந்துகிறது.

பொருந்துகிறதா என்று சோதிக்க மிக எளிய கருவி கிளாம்ப் மீட்டர். டாங் டெஸ்டர் என்றும் சொல்வார்கள். நண்டுக் கொடுக்குபோல் வாய் திறந்து கம்பியைக் கவ்விக்கொள்ளும். கம்பியை வெட்டவோ தோலை உரிக்கவோ வேண்டாம். அர்ஸ்டெட் கண்ட அந்த வளையக் காந்தப் புலத்தை அதன் இரும்பு வாய் சேகரித்து ஆம்பியராகக் காட்டுகிறது. மூன்று பேஸிலும் சமமாகச் சுமை ஏற்றி, ஒவ்வொரு கம்பியிலும் 10 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் திரும்பி வருவது ஒரே நியூட்ரல் கம்பி வழியாக. அதில் 30 ஆம்பியர் ஓட வேண்டும் அல்லவா? கவ்விப் பார்த்தால் கிட்டத்தட்டப் பூஜ்யம். ராட்டினத்தில் சிவப்புக் குதிரையின் நிழல் வலது கோடியில் இருக்கும்போது, மஞ்சளும் நீலமும் ஆளுக்குப் பாதித் தூரம் இடப்பக்கத்தில் இருக்கின்றன. எந்த நொடியில் நிறுத்திப் பார்த்தாலும் மூன்றின் கூட்டுத்தொகை பூஜ்யம்தான். ஒரு பேஸை அணைத்துவிடுங்கள். சுமை குறைந்தது, நியூட்ரலில் மின்னோட்டமோ பூஜ்யத்திலிருந்து 10 ஆம்பியராக ஏறும். 20 அல்ல, 10.

இதில் இப்போது ஒரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. எல்இடி விளக்குகளும் கணினிகளும் மின்னோட்டத்தை அழகான அலையாக எடுப்பதில்லை. கடித்துக் கடித்து எடுக்கின்றன. அதனால் 50 ஹெர்ட்ஸோடு 150 ஹெர்ட்ஸில் ஓடும் சிறு அலைகளும் சேர்கின்றன. அந்த மூன்று மடங்கு வேக ராட்டினத்தில் மூன்று குதிரைகளும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன, ஏனென்றால் 120 பாகையின் மூன்று மடங்கு ஒரு முழுச் சுற்று. அவை ஒன்றையொன்று அழிப்பதில்லை. நியூட்ரலில் மூன்றும் கூடுகின்றன. பெரிய அலுவலகக் கட்டடங்களில் சுமை சமமாக இருந்தும் நியூட்ரல் கம்பி சூடாவது இதனால்தான். பழைய கணக்கை நம்பி நியூட்ரலுக்கு மெல்லிய கம்பி போடுவது ஆபத்து.

வீட்டில் உயிர்காக்கும் ஆர்சிசிபி என்ற சுவிட்ச் செய்வதும் இதே கூட்டலைத்தான். பேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒரே வளையத்துக்குள் செலுத்தி, கூட்டுத்தொகை பூஜ்யமா என்று ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. போன மின்சாரம் முழுதாகத் திரும்பவில்லை என்றால் எங்கோ கசிகிறது. ஒருவேளை ஒரு மனித உடல் வழியாக. 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே இணைப்பைத் துண்டித்துவிடும்.

மின்விசிறியின் மூடிக்குள் இருக்கும் சிறிய கண்டென்சரைப் பாருங்கள். 2.5 மைக்ரோ ஃபாரட் என்று எழுதியிருக்கும். கூடவே 440 வோல்ட் என்றும் எழுதியிருக்கும். வீட்டுக்கு வருவதே 230. பிறகு எதற்கு 440 தாங்கும் கண்டென்சர்? மின்விசிறியில் ஒரு கம்பிச்சுருளும் கண்டென்சரும் வரிசையாக 230-இல் இணைந்திருக்கின்றன. கண்டென்சரின் இரு முனைகளில் அளந்தால் 230-ஐத் தாண்டிய எண் வரும். முழுமையைவிடப் பகுதி பெரிது!

குடத்தில் குழாய்த் தண்ணீரைப் பிடிக்கும்போது ஓட்டம் முதலில், மட்டம் பிறகு. கண்டென்சரும் அப்படி: மின்னோட்டம் முந்தும், மின்னழுத்தம் கால் சுற்றுப் பிந்தும். கம்பிச்சுருள் பாரம் ஏற்றிய வண்டி மாதிரி. தள்ளியவுடன் நகராது, அழுத்தம் முதலில், ஓட்டம் பிறகு. அதனால் கண்டென்சரின் அம்பு ஒரு பக்கமும் கம்பிச்சுருளின் அம்பு ஏறக்குறைய எதிர்ப் பக்கமும் பார்க்கின்றன. இரண்டு நீண்ட அம்புகள் பெரும்பகுதி ஒன்றையொன்று தின்றுவிட, மிஞ்சுவதுதான் நாம் கொடுக்கும் 230. சுருளுக்குப் பதில் ஒரு குண்டு பல்பைக் கண்டென்சரோடு வரிசையில் போட்டால் அம்புகள் செங்குத்தாக நிற்கும். பல்பில் 138 வோல்ட், கண்டென்சரில் 184 வோல்ட் என்று மீட்டர் காட்டுமானால் சாதாரணக் கூட்டலில் 322. ஆனால் 3, 4, 5 முக்கோணத்தை 46 மடங்கு பெரிதாக்கினால் 138, 184, 230. கணக்கு நேராகிவிடும். இவற்றை வீட்டில் தனியாகச் செய்து பார்க்க வேண்டாம். தெரிந்தவர் துணையோடு ஆய்வகத்தில் செய்ய வேண்டியவை.

இப்போது, இந்தக் கருவிகளிலேயே எனக்கு மிக நெருக்கமானது: அலுமினியத் தட்டு சுழலும் பழைய மின்மீட்டர். கண்ணாடிக்குப் பின்னால் தட்டின் விளிம்பு மெல்ல ஓடும். ஓரத்திலுள்ள அடையாளம் வந்து வந்து போகும். எங்கள் தலைமுறைக் குழந்தைகள் அதைப் பார்த்தபடி நின்றதுண்டு. ஃப்ரிட்ஜ் ஓடினால் ஒரு வேகம், இஸ்திரிப் பெட்டி போட்டால் இன்னொரு வேகம். 1889-இல் புடாபெஸ்டின் கான்ஸ் நிறுவனத்தில் ஒட்டோ பிளாத்தி உருவாக்கிய மீட்டரின் வழித்தோன்றல் அது.

அது அளப்பது வெறும் மின்னோட்டத்தை அல்ல. 230 வோல்ட்டில் 5 ஆம்பியர் எடுக்கும் மோட்டாருக்குப் பெருக்கிப் பார்த்தால் 1150 வருகிறது. ஆனால் மோட்டாருக்குள் கம்பிச்சுருள் இருப்பதால் மின்னோட்டம் பின்தங்குகிறது; இரண்டு அம்புகளும் ஒரே பக்கம் பார்ப்பதில்லை. வண்டியை நேராக முன்னே இழுக்காமல் ஓரமாகச் சாய்த்து இழுத்தால், இழுப்பின் ஒரு பகுதிதான் வண்டியை நகர்த்தும். அதுபோல மின்னோட்ட அம்பில் மின்னழுத்தத்தோடு சேர்ந்து நிற்கும் பகுதி மட்டுமே வேலை செய்கிறது. அந்தப் பகுதி 0.8 என்றால் உண்மையான திறன் 920 வாட். இந்த 0.8-க்குத் திறன் காரணி என்று பெயர். இரண்டு அம்புகளை இப்படி ஒன்றன்மேல் ஒன்று சாய்த்துப் பெருக்குவதே வெக்டர் பாடத்தின் புள்ளிப் பெருக்கல்.

அந்த அலுமினியத் தட்டு இந்தப் பெருக்கலைச் சுழற்சியாகவே செய்துவிடுகிறது. அதன் மேலும் கீழும் இரண்டு மின்காந்தங்கள். ஒன்று மின்னழுத்தத்தால் இயங்குவது, மற்றது மின்னோட்டத்தால். இரண்டும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கினால் தட்டு நகராது. ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தால்தான், காந்தப் புலம் தட்டின் குறுக்கே நகர்வதுபோலாகி, அதைத் தள்ளும். மின்னழுத்தச் சுருளின் புலத்தைக் கால் சுற்றுப் பிந்தும்படி வேண்டுமென்றே அமைத்துவிட்டதால், வேலை செய்யும் மின்னோட்டம் முழுத் தள்ளுதலைத் தருகிறது. வேலை செய்யாத பகுதி எதையும் தருவதில்லை. ஒரு நிலைக்காந்தம் பிரேக்காக நின்று, வேகம் திறனுக்குச் சரியான விகிதத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறது.

நம்ப வேண்டாம், எண்ணிப் பார்க்கலாம். யூனிட்டுக்கு 600 சுற்று என்று முகப்பில் அச்சிட்ட மீட்டரில் அந்த மோட்டாரை மட்டும் ஓடவிட்டால், ஐந்து நிமிடத்தில் தட்டு 46 முறை சுற்றும். 1150 வாட் என்றால் 57 முறைக்கும் மேல் சுற்றியிருக்கும். கிளாம்ப் மீட்டரும் மல்டிமீட்டரும் சொல்லாமல் விட்ட கோணத்தைச் சுழலும் தட்டு காட்டிக்கொடுத்துவிடுகிறது.

1893 வரை மாறுமின்சாரக் கணக்கு என்றால் பொறியாளர்களுக்குப் பெரும் தலைவலி. ஒவ்வொரு மின்சுற்றுக்கும் கடினமான சமன்பாடுகளைத் தீர்க்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு அமெரிக்காவில் ஆர்தர் கென்னலியும் சார்லஸ் ஸ்டைன்மெட்ஸும் இதை அம்புகளின் கூட்டல் கழித்தலாகச் சுருக்கிவிடலாம் என்று காட்டினார்கள். கென்னலி பிறந்தது மும்பையின் கொலாபாவில். ஸ்டைன்மெட்ஸ் ஜெர்மனியிலிருந்து அரசியல் காரணங்களால் தப்பி வந்தவர். மின்வாரிய அலுவலகங்களில் இன்று போடும் கணக்கெல்லாம் அவர்கள் போட்ட பாதையில் நடப்பவை.

மறைந்திருக்கும் அந்தத் திசையை நேரடியாகக் காட்டும் கருவியே இல்லையா? இருக்கிறது. மின் நிலையங்களில் ஒரு ஜெனரேட்டரை ஓடிக்கொண்டிருக்கும் மின்தொகுப்போடு இணைக்கும்முன் இரண்டின் அம்புகளும் ஒன்றின்மேல் ஒன்று வர வேண்டும். கோணம் தப்பி இணைத்தால் எந்திரமே உடையும். பழைய முறையில் இரண்டுக்கும் இடையே பல்புகளை மாட்டுவார்கள். ஜெனரேட்டர் 50.2 ஹெர்ட்ஸில் ஓட, தொகுப்பு 50-இல் ஓடினால், பல்புகள் 5 நொடிக்கு ஒருமுறை மெல்லப் பிரகாசித்து மெல்ல அணையும். அம்புகள் எதிரெதிரே வரும்போது முழு வெளிச்சம், ஒன்றாகும்போது இருட்டு. அந்த இருட்டில் சுவிட்சைப் போட வேண்டும். பிறகு வந்த சின்க்ரோஸ்கோப் என்ற கருவியில், இரண்டு அம்புகளுக்கும் இடையிலான கோணம் ஒரு முள்ளாகவே கடிகார முகத்தில் சுற்றுகிறது. முள் மெதுவாக நகர்ந்து பன்னிரண்டு மணிக்கு வரும் தருணத்தில் இணைப்பார்கள்.

தென்னிந்திய மின்தொகுப்பு நெடுங்காலம் தனி ராட்டினமாகவே சுற்றிவந்தது. வடக்கிலிருந்து மின்சாரம் வாங்க, கோணமே இல்லாத நேர்மின்சாரப் பாலங்கள் தேவைப்பட்டன. 2013 டிசம்பர் 31 அன்று, கர்நாடகத்தின் ராய்ச்சூரையும் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரையும் இணைக்கும் 765 கிலோவோல்ட் வழித்தடத்தில் இரண்டு தொகுப்புகளும் ஒரே சுற்றில் சேர்ந்தன. அன்றிலிருந்து நாகர்கோவிலில் ஒரு வீட்டின் அம்பும் டெல்லியில் ஒரு வீட்டின் அம்பும் ஒரே வேகத்தில் சுற்றுகின்றன. அவற்றுக்கு இடையே கோண வித்தியாசம் மட்டும் இருக்கும். மின்சாரம் எந்தப் பக்கம் பாய்கிறது என்பதைத் தீர்மானிப்பதில் அந்தக் கோணத்துக்கே பெரும்பங்கு. அதை அளக்கும் கருவியை 1988-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய குழுவின் தலைவர் அருண் பட்கே, குவாலியரில் பிறந்தவர். செயற்கைக்கோள் கடிகாரத்தின் உதவியால், ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு இடங்களின் அம்புகளை அது ஒரே கணத்தில் ஒப்பிடுகிறது. ஒரு மைக்ரோ நொடி பிசகினாலும் கோணத்தில் வரும் பிழை 0.018 பாகைதான்.

பதினோராம் வகுப்பில் வெக்டர் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கரும்பலகையில் முதல் அம்பை வரையும்முன், ஆய்வகத்தில் தூசி படிந்திருக்கும் டேஞ்சன்ட் கால்வனாமீட்டரை மேசைமேல் கொண்டுவந்து வையுங்கள். ஒரு பேட்டரியை இணைத்து, முள்ளை 45 பாகையில் நிறுத்திக் காட்டுங்கள். பிறகு மின்னோட்டத்தை இரட்டிப்பாக்கப் போகிறேன், முள் எங்கே நிற்கும் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். பெரும்பாலோர் 90 என்பார்கள். 63-இல் அது நிற்பதை அவர்கள் கண்ணால் பார்க்கட்டும். பாடத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.